நான் எண்ணாத டப்பா

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் மொத்தம் பதினாறு பக்கங்கள். அதில் ஆறு பக்கங்களை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை எழுத வேண்டியதைத் தம்பி எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. இருநூறு பிரதிகள் போதுமா, கோவில் வாசலில் யாராவது வெறுங்கையோடு திரும்பிப் போவார்களா, அச்சகத்தில் எழுத்தை மாற்றிக் கோத்துவிடுவார்களா என்று ஒரு வாரமாக எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இவை சின்னக் கவலைகள். பெரியது ஒன்று இருக்கிறது. அக்கா எப்படிப் போனார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "காலில் ஆணி ஏறிவிட்டது" என்று ஓராண்டாகச் சொல்லி வந்தேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். இத்தகைய மலரில் எழுதுகிறவன் தன் குற்றத்தை எழுதுவது வழக்கமில்லை என்று என் மைத்துனர் சொன்னார். வேறு எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா செங்கற்பட்டில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு மூன்று குழந்தைகள். நடுவில் பிறந்தது எட்டு மாதத்தில் தவறிவிட்டது. மிஞ்சியது இரண்டு பேர். இப்போது ஒருவன். அக்காவைப் பதினான்கு வயதில் செய்யூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பத்தொன்பது வயதில் வெறும் நெற்றியோடு திரும்பி வந்தார். தெருவே வேண்டாம் என்று சொல்லியும் அப்பா அவரைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்பினார். அந்த ஒரு காரியத்துக்காக அப்பாவை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

பயிற்சி முடிந்ததும் அக்காவுக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையில் ஒரு பிரசவ விடுதியில் வேலை கிடைத்தது. விடுதி என்பது இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. நடுவில் மணலும் சவுக்குத் தோப்பும், அறுபத்து மூன்று வீடுகள் கொண்ட ஒரு மீனவர் குப்பமும். கழியில் தண்ணீர் ஏறிவிட்டால் குப்பம் தனித் தீவு. அங்கே இருபத்தொன்பது ஆண்டுகள் அக்கா வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் செங்கற்பட்டுக்கு வர மறுத்து, தோப்பு ஓரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார். குப்பத்தில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா.

வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் ஒரு புயல் வந்தது. கழி நிரம்பி வழி அடைத்துவிட்டது. குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. அக்கா ஈரத் துணியோடு அந்த வீட்டில் போய் நின்றார். பெட்டி விடுதியில் இருந்தது. விடுதி தண்ணீரில் இருந்தது. பிளேடு இல்லை, சுத்தமான நூல் இல்லை, காய்ந்த தீப்பெட்டி இல்லை. மீன் அரியும் கத்தியால் தொப்புள் கொடியை அறுத்தார். குழந்தை நான்காம் நாள் போயிற்று. தாய் ஆறாம் நாள் போனாள். அந்தத் தாயின் மூத்த பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. வாசல் மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் காசியம்மாள். அவள் பேச்சு பின்னால் வரும்.

அதிலிருந்துதான் அக்கா டப்பா கட்ட ஆரம்பித்தார். விடுதிக்கு வரும் பால் பவுடர் காலியானதும் அந்த டப்பாக்களைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைப்பார். ஒரு டப்பாவில் எண்ணெய்த் தாளில் சுற்றிய பிளேடு ஒன்று, நூல் சுருள் ஒன்று, தீப்பெட்டி இரண்டு, மெழுகுவத்தி இரண்டு, டிங்சர் அயோடின் சீசா ஒன்று, வேக வைத்துக் காய வைத்து இஸ்திரி போட்ட கட்டுத்துணி நான்கு சுருள், பஞ்சு ஒரு பொட்டலம். வாந்தி பேதி கண்டால் கரைத்துக் கொடுக்க உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் இரண்டு. ஆகப் பதினான்கு பொருள். ஒரு தடவை பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரே மாதத்தில் டப்பாவை அது தின்றுவிட்டது. அதை எடுத்துவிட்டார்.

குப்பத்தில் முதலில் யாரும் டப்பாவை வாங்கவில்லை. கெட்டது வருவதற்கு முன்பே அதற்கு மூட்டை கட்டி வைத்தால், கெட்டதை வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி என்றார்கள். அக்கா இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். பிறகு ஒரு வளைகாப்புக்குப் போகும்போது டப்பாவின் மூடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வளையலோடு தட்டில் வைத்து எடுத்துப் போனார். பிரசவம் பார்க்கப் போகிறவள் கொண்டுவரும் சீரை யார் வேண்டாம் என்பார்கள்? அதற்குப் பிறகு குப்பத்தில் வளைகாப்பு என்றால் நர்ஸம்மா டப்பா உண்டு. குழந்தை பிறக்கும் வரை அதைத் திறக்கக் கூடாது என்ற முறையைப் பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். விடுதியிலேயே பிரசவம் ஆகிவிட்டால் டப்பா திறக்காமலே பரணில் ஏறிவிடும். அக்காவுக்கு வேண்டியதும் அதுதான்.

இனி என்னைப் பற்றி. நான் ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தொரு ஆண்டுகள் சாமான் எண்ணியவன். ஓய்வு பெற்றபின் எண்ண எதுவும் இல்லாமல் தவித்தேன். ஒரு முறை அக்காவைப் பார்க்கப் போனபோது, ஒரு வீட்டில் மாமியார் டப்பாவைத் திறந்து ஒரு தீப்பெட்டியை அடுப்புக்கு எடுத்துவிட்டது தெரிந்தது. அக்கா சிரித்துக்கொண்டே வேறு ஒன்று வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று போனால் மற்றவற்றில் எத்தனை போயிருக்குமோ என்று அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

குப்பத்தில் அப்போது இருபத்து மூன்று டப்பாக்கள். அமாவாசையன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று அந்த நாளாகப் பார்த்துப் போவேன். வீடு வீடாகப் போய், டப்பாவைத் திறந்து, பதினான்கையும் எண்ணி, நோட்டில் குறித்துவிட்டு மூடுவேன். அயோடின் சீசாவின் தக்கையை எடுத்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். பெண்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நர்ஸம்மாவின் தம்பி என்பதால் சும்மா இருந்தார்கள். எனக்குப் பார்சலு என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். நான் வருவதைப் பார்த்தால், "பார்சலு வந்துகினு கீது, உன் மாமியார ஒளிச்சி வை, அதையும் எண்ணிடும்" என்று ஒருத்தி சொல்ல, தெருவே சிரிக்கும்.

அக்கா ஒரு தடவைதான் சொன்னார். "இன்னாத்துக்குடா அதெல்லாம் தொறக்கற? உள்ள காத்து போவுது பாரு."

மூடிவிட்டுத்தானே வருகிறேன் என்றேன். அவர் யாரையும் இரண்டாம் முறை சொல்லித் திருத்துகிறவர் அல்ல. அதை அவருடைய நற்குணங்களில் ஒன்றாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது நிச்சயமில்லை.

மூடுவதில்தான் விஷயம் இருந்தது. அக்கா டப்பாவை மூடும்போது மூடியைத் தணல் மேல் காட்டிச் சூடேற்றுவார். சூடான மூடியை அழுத்தி, சந்தில் உருக்கிய மெழுகை ஊற்றுவார். மெழுகில் தோய்த்த துணி நாடாவை அதன் மேல் சுற்றுவார். நான் அதைப் பெண்களின் வீண் சிரத்தை என்று நினைத்தேன். ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, குளிர்ந்த மூடியைச் சுற்றிச் சொட்ட விடுவேன். பார்க்க வெள்ளையாக, வட்டமாக, நன்றாகத்தான் இருக்கும். குளிர்ந்த தகரத்தில் மெழுகு ஒட்டாது, சும்மா உட்கார்ந்திருக்கும் என்பது முப்பத்தொரு ஆண்டுகள் பார்சலுக்கு அரக்கு வைத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடற்காற்று உள்ளே போக ஒரு தலைமயிர் அளவு இடம் போதும்.

இருபத்து மூன்றில் ஒன்றை மட்டும் என்னால் திறக்க முடியவில்லை. அது காசியம்மாள் வீட்டில் இருந்தது. அவளுடைய மருமகளுக்கு அப்போதுதான் வளைகாப்பு ஆகியிருந்தது. மூடியில் மஞ்சள் கூட உதிரவில்லை. போன வருடம் ஐப்பசி அமாவாசையன்று நான் நோட்டோடு போனபோது காசியம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"எல்லா வூட்லயும் எண்ணிட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி" என்றேன்.

"பாக்கியாவே கெடக்கட்டும் நைனா. நர்ஸம்மா கட்டுன கட்டு இது. எங்கம்மா செத்தத நான் கண்ணால பாத்தவ. புள்ள பொறக்கங்காட்டியும் இத ஒரு கை தொட வுடமாட்டேன்."

நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக 'எண்ணப்படவில்லை' என்று எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாளே நான் குப்பத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குக் காற்று திரும்பியது. ஒன்பது மணிக்குக் கழி நிறைந்து மேற்கே போகும் வழி அடைத்தது. பத்து மணிக்கு முதல் வரிசை வீடுகளுக்குள் கடல் வந்தது. குப்பத்தில் கல் சுவரும் தளமும் உள்ள கட்டடம் இரண்டு, கோவிலும் பள்ளிக்கூடமும். பெரும்பாலோர் கோவிலுக்கு ஓடினார்கள். பள்ளிக்கூடத்தில் அக்காவும் நானும் உள்பட முப்பத்தேழு பேர். பெண்கள் கையில் கொண்டுவந்த டப்பாக்கள் எட்டு. எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை இருந்தது. எட்டிலும் பதினான்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

காசியம்மாளும் அவள் புருஷன் ஏழுமலையும் மருமகளை இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம், அதுவும் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் டப்பா வீட்டிலேயே நின்றுவிட்டது. பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு வலி பிடித்தது. பகல்தான், ஆனால் ஜன்னல்களை அடைத்திருந்ததால் உள்ளே ஆள் முகம் தெரியவில்லை. ஒரு குடத்தில் மழைத் தண்ணீர் பிடித்தார்கள். நான் பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்றை உடைத்து விறகாக்கினேன். எல்லாம் தயார். நெருப்புத்தான் வேண்டும். ஆண்கள் மடியில் இருந்த தீப்பெட்டிகளெல்லாம் நனைந்து கூழாகியிருந்தன.

"டப்பாவ தொறடா" என்றார் அக்கா.

முதல் டப்பாவைத் திறந்தேன். குச்சியை உரசினால் மருந்து மாவாக உதிர்ந்தது. இரண்டு பெட்டியிலும் அப்படியே. இரண்டாம் டப்பா. மூன்றாம் டப்பா. எட்டையும் திறந்தேன். பதினாறு தீப்பெட்டி. ஒரு குச்சி கூடப் பற்றவில்லை. பிளேடுகளில் துரு. கட்டுத்துணியில் கறுப்புப் புள்ளி. நான் மாதாமாதம் தக்கையை எடுத்துப் பார்த்த அயோடின் சீசாக்களில் அடியில் ஒரு பழுப்பு வளையம் மட்டும். எட்டு வளையம். பொருள்கள் எல்லாம் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தன.

அக்கா ஒவ்வொன்றாகக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். என் மெழுகைக் கட்டை விரலால் தள்ளினார். அது வளையமாகக் கழன்று வந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்க வூட்டு டப்பா கீதே நர்ஸம்மா" என்றாள் காசியம்மாள். "நடுக் கம்பத்துல கட்டி வச்சிருக்கேன். அத யாரும் தொறக்கல."

ஏழுமலை வலைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். மறுமுனையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். கதவைத் திறந்ததும் மழை உள்ளே வந்து எங்களை அறைந்தது. அவன் போய் வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான். அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். காசியம்மாள் கத்தவில்லை. ஏழு வயதில் எப்படி மூலையில் நின்றாளோ அப்படியே நின்றாள். அக்கா இருட்டில் அந்தப் பெண்ணுக்கும் கதவுக்கும் இடையே மாறி மாறி நடந்தார். நான் உடைத்துப் போட்ட நாற்காலிக் கட்டைகள் வழியில் கிடந்தன. அவற்றில் ஆறு ஆணிகள். ஒன்று அக்காவின் பாதத்தில் ஏறியது. அவர் சத்தம் போடாததால் யாருக்கும் தெரியவில்லை.

கயிற்றை இழுத்தார்கள். ஏழுமலை கையில் கீறல்களோடு, டப்பாவை வயிற்றோடு அணைத்தபடி வந்தான். மஞ்சள் மட்டும் கரைந்திருந்தது. அக்கா நாடாவைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். முதல் குச்சி பற்றியது. முப்பத்தேழு முகங்களும் தெரிந்தன.

குழந்தை பிறந்தது. பெண். பிளேடு பளபளவென்று இருந்தது. சீசாவில் அயோடின் கழுத்து வரை இருந்தது. தொப்புளுக்கும், தாய்க்கும், ஏழுமலையின் கீறல்களுக்கும், கூரைத் தகரம் வெட்டிய இன்னொருவருக்கும் சேர்த்து அது தீர்ந்துபோயிற்று. அக்காவின் பாதத்துக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை. மழைத் தண்ணீரில் கழுவி, புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நாள் நொண்டும்போதுதான் நான் பார்த்தேன்.

அன்று கழியில் தோணி ஓட ஆரம்பித்தது. தாயையும் பிள்ளையையும் முதலில் அனுப்பினார்கள். நீயும் போய் ஊசி போட்டுக்கொள் என்று அக்காவிடம் கெஞ்சினேன். குப்பத்தில் வாந்தி பேதி தொடங்கியிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாள் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் காலையில் கஞ்சி குடிக்க வாய் சரியாகத் திறக்கவில்லை. அது என்ன என்று அவருக்கு எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். முதல் நாள் கொஞ்சம் பேச முடிந்தது. அக்கா, எட்டையும் நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அக்கா இறுகிய பற்களுக்கு நடுவே மெதுவாகச் சொன்னார்.

"மூடிய அனல்ல காட்டு. காட்டிட்டு ஊத்து."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அயோடின் இருந்திருந்தாலும் இந்த டெட்டனஸ் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஊசி ஒன்றுதான் தடுத்திருக்கும் என்றார். நான் அதை எட்டு முறை அவரிடம் கேட்டேன். எட்டு முறையும் பொறுமையாக அதையே சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு டப்பாவில் ஒன்றில் ஒரு குச்சி பற்றியிருந்தால் அக்கா இருட்டில் நடந்திருக்க வேண்டியதில்லை. இதை எப்படிக் கூட்டினாலும் எனக்கு வேறு விடை வரவில்லை. ஓராண்டாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களைச் சொல்லி முடிக்கிறேன். அந்த டாக்டருக்கும், ஆறு நாளும் அக்காவின் உதட்டைப் பஞ்சால் நனைத்த இரண்டு நர்ஸ்களுக்கும் நன்றி. காசு வாங்காமல் தோணி ஓட்டிய கழிக்காரருக்கு நன்றி. குப்பத்திலிருந்து செங்கற்பட்டு வரை வந்து, மயானத்தில் தோள் கொடுத்த பதினோரு பேருக்கு நன்றி. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்ட ஏழுமலைக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவன் பேத்திக்கு இப்போது நான்கு பற்கள்.

காசியம்மாளுக்கு நன்றி. கருமாதி முடிந்த மறுநாள் நான் குப்பத்துக்குப் போய், இனி அந்த டப்பாக்களை யார் கட்டுவது என்று திண்டாடி நின்றபோது, அவள் தன் வீட்டு அடுப்பைக் காட்டினாள். "நீ மூடிய புடி நைனா. மெழுக நான் ஊத்தறேன். உள்ள வைக்கறதும் நான்தான். நீ அந்தாண்ட திரும்பிக்கோ." ஓராண்டாக அப்படித்தான் நடக்கிறது. நான் மூடியை இடுக்கியில் பிடித்து அனலில் காட்டுகிறேன். அவள் பொருள்களை வைக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். மிகவும் கஷ்டமாக இருக்கிறது. இருந்தாலும் திரும்பிக்கொள்கிறேன்.

இந்த மலரோடு உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா தருகிறோம். மூடியில் மஞ்சள் இருக்கும். காற்றும் வெள்ளமும் வரும்வரை, அல்லது வீட்டில் யாருக்காவது உண்மையாகவே வேண்டியிருக்கும்வரை, தயவுசெய்து யாரும் அதைத் திறக்க வேண்டாம். உள்ளே பதினான்கு பொருள்கள் இருப்பதாகக் காசியம்மாள் சொல்கிறாள்.

நான் பார்க்கவில்லை.